ஆர்கானிக்னா அப்படித்தான் இருக்கும்

ரெமிஜியஸ் ஆர்கானிக் ஆனது தவக்காலத்தில். கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் கறியை விட்டார்கள், ஒன்றிரண்டு பேர் சிகரெட்டை விட்டார்கள், அவர் மார்க்கெட் காய்கறியை விட்டார். ஈஸ்டர் வந்ததும் எல்லோரும் விட்டதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். ரெமிஜியஸ் பிடிக்கவில்லை. அவர் மனைவி பிரிஜெட்டுக்கு அந்த வருடத் தவக்காலம் ஆகஸ்ட் வரைக்கும் நீண்டது.

லிங்கராஜபுரத்தில் மேம்பாலத்தை ஒட்டி உள்ளே போகும் சந்தில் அவர்கள் வீடு. முன்னறையில் பிரிஜெட்டின் தையல் மெஷின். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பதில் அந்தக் கோயில் பங்கிலேயே அவளுக்குத்தான் பெயர். மார்ச், ஏப்ரலில் வீடு முழுக்க வலைத்துணியும் லேஸும் பறக்கும். சோற்றில்கூட வெள்ளை நூல் கிடக்கும். ரெமிஜியஸ் ஒரு டூல்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரே மகள் அன்னா, ஸ்கூல் டீச்சர்.

வம்பு ஆரம்பித்தது கிறிஸ்துமஸுக்கு அப்புறம். ரெமிஜியஸுக்குக் காய்ச்சல் வந்து, சளி கட்டி, ஒருவழியாகத் தெளிந்து எழுந்தார். எழுந்து உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாட்டிலேயே முகத்தைச் சுளித்தார்.

"இன்னா பிரிஜெட், ரசத்துல ஒன்னுமே இல்ல?"

"ஒன்னுமே இல்லன்னா? பூண்டு தட்டிப் போட்டுக்கிறேன், மொளகு, கொத்துமல்லி, எல்லாந்தான் போட்டுக்கிறேன்."

"உப்பு தெரியுது, புளி தெரியுது. ரசம் தெரியல."

காய்ச்சல் வாய் என்று பிரிஜெட் விட்டுவிட்டாள். ஆனால் அடுத்த வாரம் மீன்குழம்பு, அதற்கடுத்து கோழி, அப்புறம் அவள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. சப்பென்று இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சமையலைப் பற்றி ஒரு குறை சொல்லாத மனுஷன். பிரிஜெட் மிளகாயைக் கூட்டினாள், தேங்காயைக் கூட்டினாள். அன்னாவுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். ஒருநாள் பிரிஜெட் கரண்டியை வைத்துவிட்டு அழுதேவிட்டாள்.

அவள் அழுததைப் பார்த்து ரெமிஜியஸ் பதறினார். அவளைத் தேற்றுவதற்கு ஒரு காரணம் தேடினார். காரணம் அவர் ஃபோனுக்குள்ளேயே இருந்தது. பழைய ஃபேக்டரி நண்பர்கள் குரூப்பில் தினமும் வரும் வீடியோக்களில் ஒன்றில், யூரியா போட்டுப்போட்டு மண் செத்துவிட்டது, மண்ணோடு காய்கறியின் ருசியும் செத்துவிட்டது என்று ஒருவர் மார்தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன் கை மேல தப்பே இல்லடி. எல்லாம் யூரியா. பாவம், நீ இன்னா பண்ணுவ? செத்த காய வெச்சிகினு எவ சமைச்சாலும் இப்டித்தான்."

அந்த வாரமே கம்மனஹள்ளியில் மமதா என்கிற கன்னடப் பெண் நடத்தும் ஆர்கானிக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு போய், கோணல் கேரட்டும் சுருங்கின குடமிளகாயும் ஓட்டை விழுந்த கீரையுமாகத் திரும்பி வந்தார். பிரிஜெட் கீரைக் கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் இருக்கிற காலண்டர் இலை வழியாகத் தெரிந்தது.

"இன்னாங்க இது, சல்லடையா?"

"ஓட்டை இருந்தா நல்லது. புழு துண்ணு பாத்து ஓகே சொல்லிருக்குன்னு அர்த்தம்."

"அது துண்ண மிச்சத்த நாம துண்ணணுமா?"

"ருசி பாரு, அப்பறம் பேசு."

அன்றைக்கு மதியம் அந்தக் கீரையைக் கடைந்து வைத்தாள். ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருக்கிறவர் மாதிரி அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "இது ருசி!" என்றார். குரல் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஒலித்தது. பிரிஜெட்டுக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்ததெல்லாம், தான் இத்தனை வருஷம் போட்டதெல்லாம் ருசி இல்லையா என்பதுதான்.

ஆகவே அவளும் ஒரு கட்சி கட்டினாள். ஆர்கானிக் என்றால் மண்வாடை அடிக்கும் என்பது அவள் கட்சி. சாணி போட்டு வளர்த்தால் சாணி வாடை வராமல் மல்லிகை வாசனையா வரும்? தக்காளியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "த்தூ, அப்டியே வயல்காட்ட நக்கின மாதிரி கீது" என்பாள். அன்னா ஒருநாள் வேண்டுமென்றே வாசலில் வந்த தள்ளுவண்டியில் தக்காளி வாங்கி அப்பாவின் துணிப்பைக்குள் போட்டு வைத்தாள். பிரிஜெட் சட்னி அரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "மண்ணு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"மம்மி, அது வண்டித் தக்காளி."

பிரிஜெட் விரலை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தாள்.

"அந்தப் பைக்குள்ள இருந்துச்சி இல்ல? ஒட்டிகிச்சி."

இப்படி ஒருவர் தேவாமிர்தம் என்று சொல்ல, இன்னொருவர் மண் என்று சொல்ல, நடுவில் அன்னா சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்வந்தாள். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புதிதாகப் பறித்தது நன்றாக இருந்தது, வாடினது வாடினதாக இருந்தது. அதை வீட்டில் சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று பேசாமல் இருந்தாள். அவளுக்கு வேறு காரியம் இருந்தது. கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிக்கும் க்ளென் என்கிற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வைட்ஃபீல்டில் ஆபீஸ், அங்கேயே பெரிய அபார்ட்மெண்டில் அம்மா அப்பாவோடு வீடு. பிறந்து வளர்ந்த பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் இந்தப் பக்கம் வருவான். அவன் அம்மா ஹில்டா ரொம்பக் கறாரான பொம்பளை என்று பெயர். பெண் பார்க்க வருகிறோம் என்று அவளே ஃபோன் பண்ணினாள். ஃபோனை எடுத்தது ரெமிஜியஸ்.

"பூசை முடிச்சி அப்டியே லஞ்சுக்கு வந்துருங்க மேடம். நம்ம வீட்ல எல்லாமே ஆர்கானிக்."

"அப்டியா! நாங்களும் ஆர்கானிக்தாங்க. வேற எதுவும் எங்க வாய்ல எறங்கறதே இல்ல."

ஃபோனை வைத்துவிட்டு ரெமிஜியஸ் ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி நின்றார்.

மெனுவைப் பிரிஜெட்தான் முடிவு செய்தாள். தேங்காய்ப்பால் சோறு, பன்றிக்கறி விந்தாலு, உருளைக்கிழங்கு கட்லெட், வெங்காய சாலட். விந்தாலுவுக்கு ஒரு நாள் ஊறல் வேண்டும். சனிக்கிழமை காலையில் கறியைக் கழுவி, கொழுப்பும் கறியும் சரிபாதியாக வெட்டி, காய்ந்த மிளகாயையும் சீரகத்தையும் பூண்டையும் வினிகரிலேயே அம்மியில் அரைத்துப் பிசைந்து வைத்தாள். வெளியே மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. அரைத்து முடிப்பதற்குள் அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வினிகர் மமதா கடைத் தென்னை வினிகர். அந்தக் கடையில் பிளாஸ்டிக் கிடையாது. பாட்டில் கொண்டுபோனால் ஊற்றிக் கொடுப்பாள். ரெமிஜியஸ் ஒரே மாதிரி இரண்டு பழைய பிராந்திப் பாட்டில்களைக் கழுவி எடுத்துப் போயிருந்தார். ஒன்றில் வினிகர். இன்னொன்றில் ஆரஞ்சுத் தோலையும் வெல்லத்தையும் மாதக்கணக்கில் புளிக்க வைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சேர்த்த தரை துடைக்கிற தண்ணீர். ஆர்கானிக் வீட்டில் ஃபினாயில் எதற்கு என்பது அவர் கொள்கை. இரண்டும் பழுப்பு நிறம். இரண்டிலும் மமதா பேனாவில் கன்னடத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்த சீட்டுகள் ஈரக்கை பட்டு எப்போதோ உரிந்துபோய்விட்டன. பிரிஜெட்டுக்கு அதனால் தொந்தரவு இல்லை. மூடியைத் திறந்தாலே எது எது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்வந்து கறியை அடுப்பில் ஏற்றினாள். நன்றாக வெந்து, எண்ணெய் பிரிந்து, வீடே மணத்தது. ருசி பார்த்தாள். உறைப்பும் புளிப்பும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நின்றன. இன்றைக்கு ஆர்கானிக்காவது யூரியாவாவது, இந்தக் கறிக்கு முன்னால் எவளும் வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை சிம்மில் வைத்தாள்.

"இன்னாங்க, நான் குளிச்சிட்டு பொடவ மாத்திகினு வரேன். அடிபிடிக்காம ஒரு கிண்டு கிண்டி விடுங்க. வெங்காயம் அரிஞ்சி வெச்சிருக்கேன், சாலட்டுக்கு வினிகர் ஊத்திருங்க."

ரெமிஜியஸ் கிண்டினார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். உறைத்தது. மற்றபடி வழக்கம்போல ஒன்றுமில்லை. புளிப்புப் பத்தவில்லையோ என்று சந்தேகம் வந்தது. சம்பந்தி வரும் நாளில் குறை வைப்பானேன் என்று, சின்க் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்துத் தாராளமாகக் கறியில் ஊற்றினார். கொஞ்சத்தை வெங்காயத்திலும் ஊற்றினார்.

ஹில்டா இளமஞ்சள் பட்டுப் புடவையில் வந்தாள். அவள் கணவர் அமல், பேசுவதற்கு முன்னால் மனைவி முகத்தைப் பார்த்துக்கொள்கிற, நல்ல உயரமான ஆள். க்ளென் அன்னாவைப் பார்க்காமல் சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜெபம் சொல்லி, பிரிஜெட் விந்தாலு சட்டியைத் திறந்தாள்.

குழம்பின்மேல் நுரை நின்றது.

"நாட்டுப் பன்னி, அப்டித்தான் நொரைக்கும்" என்றார் ரெமிஜியஸ் சிரித்துக்கொண்டே, யாரும் கேட்பதற்கு முன்னால்.

பிரிஜெட்டுக்கு ஜன்னல் வழியாக யாரோ வீட்டில் தரை துடைக்கிற வாசனை வருகிறது என்றுதான் முதலில் தோன்றியது. எல்லோர் தட்டிலும் பரிமாறினாள். ஹில்டா ஒரு துண்டை வாயில் வைத்தாள். அவள் தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக மென்றாள்.

"ம்ம்" என்றாள். "டிஃபரண்ட்டா இருக்கு."

"ஆர்கானிக் வினிகர் மேடம்" என்றார் ரெமிஜியஸ்.

"அதான். கடை வினிகர்ல இந்த ஃப்ரெஷ்னஸ் வராது. இல்லங்க?"

அமல் மனைவி முகத்தைப் பார்த்தார். "வராது வராது" என்றார். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது. "தொண்ட வரைக்கும் ஃப்ரெஷ்ஷா போவுது."

"நேச்சுரல் சாப்பாடுன்னா அப்டித்தாங்க. நம்ம நாக்குதான் கெட்டுப்போச்சி. பழக்கணும்" என்று சொல்லி ஹில்டா சாலட்டையும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டாள். க்ளென் அன்னாவுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தான் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. தலையைக் குனிந்து, சோற்றோடு பிசைந்து, தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

கடைசியாக பிரிஜெட் தன் தட்டில் கை வைத்தாள். நாக்கில் பட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது காலையில் அவள் முட்டி போட்டுத் துடைத்த படுக்கையறைத் தரை.

அன்னா அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. வேண்டாம் மம்மி, சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. பிரிஜெட் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் மானம் போகும், சம்பந்தமும் போகும். சொல்லாவிட்டால்? சாப்பிடுகிறார்கள், பாராட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய் வயிறு பிடித்துக்கொண்டால் யார் என்னவென்று கேட்கப் போகிறார்கள்? அப்போதுதான் அமல், பாவம், தட்டைக் காலி செய்தார். ஹில்டா முழங்கையால் அவரை இடித்தாள். அவர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார், தூக்குத் தண்டனைக் கைதியின் குரலில்.

பிரிஜெட் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். அந்த மனுஷனுக்கு இன்னொரு கரண்டி ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"துண்ணாதீங்க!" என்றாள். "யாரும் துண்ணாதீங்க. இது வினிகர் இல்ல. நாங்க தரை தொடைக்கிற தண்ணி."

சந்தில் ஒரு ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அமல் நீட்டின தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்போ," என்றார், இந்த முறை மனைவி முகத்தைப் பார்க்காமலே, "இத நான் துண்ண வேணாமா?"

"வேணாங்க."

"தேங்க் காட்!" என்று எழுந்து சின்க்கை நோக்கி ஓடினார். பின்னாலேயே க்ளென் ஓடினான். ஹில்டா பட்டுப் புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் பிரிஜெட் பயந்தாள். தோள் குலுங்கின பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அய்யோ அக்கா! இன்னைக்கு ஒரு நாள் முழுங்கிட்டா போதும், ஆனா ஈஸ்டர், கிறிஸ்மஸ்னு வருஷா வருஷம் வந்து இத முழுங்கணுமேன்னு ஒக்காந்து வேண்டிகினு இருந்தேன்!"

"வாய் தொறந்து சொல்லக் கூடாதா?"

"எப்டி சொல்றது? ஆர்கானிக்னு சொல்லிட்டாங்க. எங்க அபார்ட்மெண்ட்ல ஒவ்வொருத்தி வீட்லயும் ஆர்கானிக் சாப்பாடுதான். ஒருத்தி வீட்ல கேக்கு செங்கல் மாதிரி கீது, ஆர்கானிக். இன்னொருத்தி வீட்ல நெய் காறிப்போச்சி, அதுவும் ஆர்கானிக். நல்லா இல்லன்னா ஒனக்கு டேஸ்ட் தெரியலன்றாளுங்க. எனக்கு அதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாதுக்கா. பூச்சிமருந்து இல்லாம இருந்தா நல்லதுன்னு வாங்கறேன். ருசின்னு சும்னே வாய் வார்த்தைக்கு சொல்றது."

பிரிஜெட்டும் சிரித்துவிட்டாள். அன்னா சிரித்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த அமல் சிரித்தார். ரெமிஜியஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து அடுக்களைக்குப் போய் இரண்டு பாட்டில்களையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். அடுத்ததை மோந்து பார்த்தார். மறுபடி முதல் பாட்டில்.

"டாடி, ஒங்களுக்கு வாசன தெரியலயா?" என்றாள் அன்னா. "தூக்கி அடிக்குது இல்ல?"

"ரெண்டும் ஒன்னாத்தான் கீது" என்றார் ரெமிஜியஸ். "ரெண்டுலயும் ஒன்னும் இல்ல."

சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது. பிரிஜெட்டுக்கு அடுத்தடுத்து ஞாபகம் வந்தது. பால் பொங்கிக் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. எலி செத்துக் கிடந்த அலமாரியைத் திறந்து சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனது.

"எப்பலருந்துங்க?"

"காய்ச்சலுக்கு அப்பறம்னு நெனைக்கிறேன். மூக்குன்னு நான் நெனைக்கவே இல்லடி. சாப்பாடுதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சேன்."

"பின்ன ஆர்கானிக் துண்ணுட்டு ருசி, ருசின்னீங்களே?"

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் வாய்ல வெக்கறப்போ, இதோ வந்துருச்சின்னு தோணும். வரலன்னு சொன்னா நீ மறுபடியும் அழுவ."

பிரிஜெட் அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கித் தள்ளி வைத்தாள். ஹில்டாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, எங்க தூரத்து சொந்தத்துல ஒரு மூக்கு டாக்டர் இருக்காரு. நாளைக்கே நான் அப்பாய்ண்ட்மெண்ட் வாங்கறேன். இப்ப மொதல்ல எல்லாருக்கும் துண்றதுக்கு ஏதாவது பாக்கணும். க்ளென், போய் பிரியாணி வாங்கிகினு வா. அன்னாவ கூட்டிகினு போ, ஒனக்கு கடை தெரியாது."

க்ளெனுக்கு அந்தக் கடை சின்ன வயதிலிருந்தே தெரியும். அவன் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரும் போய் பிரியாணி வாங்கி வர ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பெரியவர்கள் கட்லெட்டைச் சாப்பிட்டுக்கொண்டே நிச்சயதார்த்தத்துக்கு மாதம் குறித்துவிட்டார்கள். விந்தாலு குப்பைக்குப் போனது. அதை நினைத்து பிரிஜெட் இரண்டு நாள் துக்கம் கொண்டாடினாள்.

டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சளி கட்டிக் கட்டி உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்றார். மாத்திரை, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே, உப்புத்தண்ணீரில் கழுவல். வாசனை வரலாம், மெதுவாக வரும், பொறுமையாக இருங்கள் என்றார். ரெமிஜியஸ் பொறுமையாக இருந்தார். சாப்பாட்டைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லாமல், போட்டதைத் தின்றார். பிரிஜெட்டுக்கு அதுதான் சகிக்கவில்லை. "சப்புன்னு கீதுன்னாவது சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். காய்கறி பாதி மமதா கடையிலும் பாதி வண்டியிலுமாக வந்தது. எது எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் மழை முடிகிற சமயம், நிச்சயதார்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். முந்தின நாள் கொட்டின மழையில் ராஜகாலுவே நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் போகட்டும் என்று வெட்டின கால்வாய், இப்போது ஊர்ச் சாக்கடை மொத்தமும் அதில்தான். அதன்மேல் இருக்கிற சின்னப் பாலத்தில் ஸ்கூட்டரில் போகிறவர்கள்கூட ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். பிரிஜெட் முந்தானையை மூக்கில் வைத்து வேகமாக நடந்தாள். பாலத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் புருஷனைக் காணோம்.

ரெமிஜியஸ் பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. நெஞ்சுவலியோ என்று ஓடி வந்தாள்.

"இன்னாங்க? இன்னா ஆச்சி?"

"பிரிஜெட்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நாறுதுடி."

"இன்னா?"

"கப்புன்னு நாறுது. கொடல புடுங்குது. ஆண்டவரே, இன்னா நாத்தம்!"

சொல்லிவிட்டு நெஞ்சு நிறைய இன்னொரு மூச்சு இழுத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வழிய, இன்னொரு தடவை இழுத்தார். பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து, "யஜமான்ரே, ஹுஷாரா?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டுப் போனான். பிரிஜெட் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். வாடை அறைந்தது. அவள் நகரவில்லை.

"வேற இன்னா வருது?" என்றாள்.

அவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். "டயர் எரிக்கறானுங்க. எங்கியோ கருவாடு வறுக்கறாங்க..." பிறகு அவள் பக்கம் குனிந்தார். நடுரோட்டில் என்ன இது என்று அவள் தோளைச் சுருக்கினாள்.

"தலைக்கு எண்ண வெச்சிகினு வந்துக்கிற."

"அது நேத்து வெச்சது."

"நேத்து வெச்சதும் வருதுடி" என்றார் ரெமிஜியஸ்.